முனியாண்டிக்குக் கொடுத்த துப்பாக்கி

எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியாரை நினைத்தால் முதலில் என் கண்ணுக்கு வருவது அவர் முகம் இல்லை, அவர் கைக்குட்டை. நான்காக மடித்த வெள்ளைக் கைக்குட்டை. அதை எடுத்து அவர் தம் முகத்தைத் துடைத்து நான் பார்த்ததில்லை. வேர்வை வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிடுவார். அந்தக் கைக்குட்டை அவருடைய துப்பாக்கிக்கு.

கரங்கானிலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலையில் எங்கள் ரப்பர் தோட்டம். நான் அங்கே பால்வெட்டுக்காரி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குப் படித்தவள். அவர் பினாங்கில் இங்கிலீஷ் படித்தவர். தோட்டத்து ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில்; வெள்ளைக்காரத் துரைக்கு அடுத்தபடி தோட்டத்தில் அவர்தான். செத்துப்போனவர்களைக் குறை பேசினால் நாக்கு அழுகிவிடும் என்று என் அம்மா சொல்வாள். நானும் வெள்ளி, செவ்வாய் விரதம் தவறாதவள்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டே போய்ச் சேர்ந்தால் அதுவும் ஒரு பொய்தான் என்று இந்த வயதில் தோன்றுகிறது. பேரை மட்டும் விட்டுவிடுகிறேன். அவர் வம்சத்தார் கூலிமில் நன்றாக இருக்கிறார்கள். இருக்கட்டும்.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. பெரட்டுக் களத்தில் காலையில் ஆள் கணக்கு எடுக்கும்போதும் சொல்வார், கல்யாண வீட்டிலும் சொல்வார்.

"பாக்கிறவன் கண்ணு நெறையணும். கண்ணு நெறஞ்சிட்டா கை அடங்கிரும்."

வெறும் பேச்சில்லை, அது பலித்தும் இருக்கிறது. ஒரு முறை கம்பெனியிலிருந்து பெரிய துரை மரங்களைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அந்த வருஷம் கத்தி ஆழமாகப் பட்டு மரப் பட்டையில் காயம் அதிகம். எத்தனை பேருக்கு வேலை போகுமோ என்று எங்கள் கூலி வீட்டு வரிசையான லயமே நடுங்கியது. கிராணியார் எங்களை வைத்து வழி நெடுகத் தென்னங்குருத்துத் தோரணம் கட்ட வைத்தார். ஒவ்வொரு லயத்து வாசலிலும் கோலம். பித்தளைத் தாம்பாளத்தில் பழம், ரோஜா மாலை, சீவிய இளநீர். பெரிய துரை மாலையோடு சிரித்துக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார். மரத்தைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு எங்களில் ஒருத்தருக்கும் வேலை போகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

துப்பாக்கிக் கதைக்கு வருகிறேன். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் அவர் அதை வாங்கினார். வந்தபோது மண்வெட்டிக் காம்பு மாதிரி மொட்டையாகத்தான் இருந்தது. பினாங்குக்குக் கொண்டுபோய் ஒரு வெள்ளி வேலைக்காரரிடம் விட்டார். மழைக்காலம் முழுக்க அங்கேயே கிடந்து திரும்பி வந்தபோது அதை அடையாளம் தெரியவில்லை. கட்டை முழுவதும் கொடி கொடியாகச் செதுக்கியிருந்தது. ஒரு பக்கம் வெள்ளித் தகட்டில் தோகை விரித்த மயில். மறு பக்கம் புலி ஒரு மானைத் துரத்துகிறது. மானின் கண்ணுக்குச் சிவப்புக் கல். தோளில் சாய்க்கிற அடிப்பாகத்துக்கு வெற்றிலைப் பெட்டி மூடி மாதிரி ஒரு வெள்ளிப் பூண். விசையைச் சுற்றிய வளையத்துக்குப் பொன்முலாம். வைப்பதற்குப் பச்சை வெல்வெட் போட்ட பெட்டி.

தோட்டமே இரண்டாகப் பிரிந்து பேசியது. நம்ம ஆள் ஒருத்தர் துரையையே தோற்கடிக்கிற மாதிரி வைத்திருக்கிறாரே என்று ஒரு கூட்டம் மார்தட்டியது. உயிர் எடுக்கிற சாமானுக்குக் கல்யாணப் பெண் மாதிரி நகையா என்று இன்னொரு கூட்டம். துரை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதைச் சுடுவதா, கண்ணாடி அலமாரியில் வைப்பதா என்று கேட்டுச் சிரித்தாராம். கிராணியாரின் சம்சாரம் நல்ல பெண்மணி. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் எங்களோடு தரையில் உட்காருவார். அவருடைய வெள்ளி ஒட்டியாணம் அந்த மயிலுக்குள் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் பிரசாதம் வாங்கிக்கொண்டே, "என்னைவிட அதுக்குத்தான் போட்டு அழகு பாக்குறாரு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்கள் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் இரண்டு கட்சி. என் வீட்டுக்காரர்தான் கிராணியாரோடு வேட்டைக்குப் போகிறவர். நாய்களைப் பிடிப்பது, புதரைக் கலைப்பது, துப்பாக்கியைத் தூக்கி வருவது எல்லாம் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சதுப்புப் பக்கம் நாய்கள் ஒரு பெரிய பன்றியை மடக்கிவிட்டன. கிராணியார் துப்பாக்கியைத் தூக்கினார். அப்போது மயில்மேல் வேர்வை சொட்டிவிட்டது. உடனே இறக்கி, கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் பன்றி அடுத்த தோட்டத்துக்கே போயிருக்கும். என் வீட்டுக்காரர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"பன்னி நாளைக்கும் வரும். அந்த மாதிரி ஒரு சாமான் நாளைக்கு வருமா?"

"வராதுதான். மயில கொழம்பு வச்சு ஊத்தறேன், தின்னுங்க" என்றேன் நான்.

அவருக்கு அதன்மேல் ஆசை. வேறொருத்தர் பொருள்மேல் பொறாமை இல்லாமல் ஆசை வைக்கிற மனுஷர் அவர். எங்களுக்குக் கல்யாணமான புதிதில், கிராணியார் தம் வீட்டு விசேஷத்துக்குக் கூலிமிலிருந்து படம் பிடிப்பவரை வரவழைத்திருந்தார். எங்களையும் கூப்பிட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல மனசுதான். ஆனால் வெல்வெட் பெட்டியைத் திறந்து துப்பாக்கியையும் எடுத்து இவர் கையில் கொடுத்தார், படம் பார்க்கிறவர்கள் கண் நிறையட்டும் என்று. நான் முகத்தைச் சுளித்தேன். இவர், இந்த ஒரு தடவை, இந்த ஒரு தடவை என்று கெஞ்சினார். அந்தப் படத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அது நிற்கிறது. இவர் கை அதைப் பிடித்திருக்கிறது. என் கை சேலைத் தலைப்பைப் பிடித்திருக்கிறது.

ஆயுத பூஜைக்கு எங்கள் பால்வெட்டுக் கத்திகளைக் கழுவி, சந்தனம் பூசி முனியாண்டி கோயிலில் அடுக்குவோம். கோயில் என்றால் கட்டடம் இல்லை. தோட்டத்து ஓரத்தில் ஒரு பழைய காட்டு மரம், அதன் அடியில் கல், சூலம், அரிவாள். சுருட்டும் சாராயமும் படையல். கிராணியார் அந்தப் பக்கம் வரமாட்டார். அது சுருட்டுக் குடிக்கிற சாமி, கூலிக்காரன் சாமி என்பார். அந்த வருஷம் மட்டும் துப்பாக்கியைக் காட்டுவதற்காக வந்தார். எங்கள் கத்திகளின்மேலேயே பட்டு விரித்து அதை வைத்தார். பூசாரிக்கு முகம் மாறிவிட்டது.

"இரும்புக்கு வெள்ளி கட்டினா அது சாமி ஆயுதங்கையா. மனுஷன் வச்சுக்கிட்டா பாரம்" என்றார்.

கிராணியார் காதில் வாங்கவில்லை. என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். அதுதான் பின்னால் வினையாயிற்று.

ஜப்பான்காரன் வந்தான். துரை இரவோடு இரவாகப் போய்விட்டார். துரை பங்களாவில் ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்தான். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க வேண்டும், பிறகு அகப்பட்டால் தலை இருக்காது என்று உத்தரவு. கிராணியார் ஒப்படைக்கத்தான் கூலிமுக்குப் போனார். அங்கே மற்றவர்கள் கொடுத்த துப்பாக்கிகளை விறகு எறிகிற மாதிரி லாரியில் எறிந்துகொண்டிருந்தார்களாம். அதைப் பார்த்ததும் சாக்கில் சுற்றியபடியே திரும்பிக் கொண்டுவந்துவிட்டார். கொண்டுவந்த பிறகுதான் பயம் பிடித்தது. அடுத்த தோட்டத்தில் வீடு வீடாகச் சோதனை என்று கேள்விப்பட்டதும் எங்கள் லயத்துக்கே வந்தார். அவர் லயத்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் முறை. கவிழ்த்த பால் வாளிமேல் உட்கார்ந்தார். நான் கொடுத்த சீனியில்லாக் காப்பியைக் குடித்தார். அதுவரை 'டேய்' என்று கூப்பிட்டவர், என் வீட்டுக்காரரை அன்றைக்குத் 'தம்பி' என்றார்.

இவர்தான் யோசனை சொன்னார். "முனிகிட்ட குடுத்துருங்கையா. அவருகிட்ட வந்து எவன் கேப்பான்?"

மொட்டைத் துப்பாக்கியாக இருந்தால் அந்த யோசனை பலித்திருக்காது. இது தலைகீழாக நட்டு, குழலை மண்ணுக்குள் புதைத்து, நடுவில் சிவப்புத் துணி சுற்றினால், மேலே தெரிகிற வெள்ளிப் பூணும் மயிலும் கொடியும் சாமி கையில் இருக்கிற கதாயுதம் மாதிரியே இருக்கும். பூசாரி ஒப்புக்கொள்ள ஒரு நிபந்தனை வைத்தார். "ஒளிச்சு வைக்கிறதுக்கு முனி என்ன ஸ்டோரா? குடுத்தா குடுத்ததுதான். தாரை வார்த்துக் குடுங்க." கிராணியார் ஈர வேட்டியோடு நின்று, நீர் வார்த்து, சேவல் அறுத்து, இது உனக்கு என்று வாயால் சொல்லிக் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். குழல் துருப்பிடித்துவிடக் கூடாதென்று தேங்காய் எண்ணெய் பூசி, மூங்கில் குழாய்க்குள் செருகி நட்டவர் என் வீட்டுக்காரர். மஞ்சளும் குங்குமமும் அப்பியது பூசாரி.

சோதனைக்கு வந்தவர்கள் கிராணியார் வீட்டுக் கூரையைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள். முனியாண்டி மரத்தடிக்கும் போனார்கள். ஒருத்தன் படையல் சுருட்டை எடுத்துக் காதில் செருகிக்கொண்டான். இன்னொருத்தன் அந்த வெள்ளிக் கதாயுதத்துக்கு முன்னால் தலை குனிந்து கும்பிட்டான். போய்விட்டார்கள். அன்று கிராணியார் முனியாண்டி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு, "என் தலைய காப்பாத்தினவன் நீ. ஒனக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன் தம்பி" என்றார். என் காது கேட்கச் சொன்னார். வெள்ளியைத் திட்டியவர்கள்கூட, வெள்ளிதானே மனுஷனைக் காப்பாற்றியது என்று கட்சி மாறினார்கள்.

பிறகு பஞ்சம். அரிசி கண்ணில் படவில்லை. துப்பாக்கி தெரிகிற எங்கள் படத்தை நான் அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். அதில்தான் இடம் நிறைய இருந்தது. லயத்தைச் சுற்றி மரவள்ளி நட்டோம். அதையும் காட்டுப் பன்றி வந்து தோண்டியது. விடிந்து பார்த்தால் உழுத வயல் மாதிரி கிடக்கும். நான் அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தேன். கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. என் வீட்டுக்காரர் கிராணியாரிடம் போய், ஒரே ஒரு நாள் எடுத்துச் சுட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறேன், லயமே தின்னும் என்று கேட்டார்.

சத்தம் கேட்டால் ஆபத்து என்று அவர் சொல்லியிருந்தால் நியாயம். அவர் அதைச் சொல்லவில்லை. கண்ணை மூடிக் கும்பிட்டபடி, "சாமிக்குக் குடுத்தத எடுத்தா குடும்பம் வெளங்காது தம்பி" என்றாராம்.

இவர் வாடிய முகத்தோடு வந்து சொன்னார். நான் கிராணியார் பக்கம்தான் பேசினேன். அவர் சொன்னது சரி என்றே நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். அதனால்தான் எனக்கு ஆறவில்லை.

சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். முதலில் கல்யாணமாகாத ஆண்களைக் கொண்டுபோனார்கள். அடுத்த முறை பங்களா அதிகாரி கிராணியார் வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துவிட்டான். ஒரே மகன். பள்ளிக்கூடம் நின்றுபோனதால் வீட்டில் இருந்தான். கிராணியார் மகனாக இருந்தால் என்ன, இரண்டு கை இருக்கிறதல்லவா என்று கேட்டானாம். என் வீட்டுக்காரர் பேர் அதில் இல்லை. கிராணியார் வாக்குக் கொடுத்தபடி விலக்கி வைத்திருந்தார்.

மறுநாள் காலையில் கிராணியார் முனியாண்டி மரத்தடியில் நின்றார். கையில் பித்தளைத் தாம்பாளம். பெரிய துரைக்கு மாலை வைத்து நீட்டிய அதே தாம்பாளம்.

பூசாரி கேட்டார்: "தாரை வார்த்தத எடுக்கறீங்களே ஐயா?"

"சாமி கனவுல வந்து உத்தரவு குடுத்துட்டாரு."

"இத்தன வருசமா காலடியில கெடக்கிறேன். எனக்கு வராத கனவா இருக்கே."

ஆனால் ரேஷன் அளக்கிறது கிராணியார் கை. பூசாரி ஒதுங்கி வழி விட்டார். தோண்டி எடுக்கக் கிராணியார் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். இவர் தோண்டினார். மஞ்சளைக் கழுவி, மூங்கிலை உருவி, எண்ணெய் போட்டுத் துடைத்தார். வழியில் லயத்து வாசலில் ஒரு நிமிஷம் நின்று எனக்குக் காட்டினார்.

"ஒரு பொட்டு துரு இல்ல, பாத்தியா?"

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் பார்த்த கடைசிச் சந்தோஷம் அது.

பங்களாவில் நடந்ததைப் பூசாரி வந்து சொன்னார். கற்பூரம் காட்டுவதற்கு அவரையும் இழுத்துப் போயிருந்தார்கள். கிராணியார் குனிந்து வணங்கி, இது எங்கள் சாமியின் பழைய ஆயுதம், சாமியே எஜமானுக்குக் கொடுக்கச் சொன்னார் என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் மாலை போட்ட துப்பாக்கியை இரண்டு கையாலும் ஏந்தி நின்றார். அதிகாரி கிட்டே வந்தான். மயில் தோகையை விரலால் தடவினான். மானின் கண்ணைத் தொட்டான். சிரித்தான். கண் நிறைந்துவிட்டது. உங்கள் மகன் ஆபீசிலேயே இருக்கட்டும் என்றான்.

ஆனால் ஆள் கணக்குக் குறையக் கூடாதே. அவன் கை அடங்கவில்லை. துப்பாக்கியை ஏந்தி நின்றவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். நல்ல தோள், வேட்டைக்கு ஓடிய கால். விரலை நீட்டினான்.

"கிராணியார் என்ன சொன்னாரு?" என்று நான் பூசாரியைக் கேட்டேன்.

"வாயத் தொறக்கல ஆத்தா. கைக்குட்டைய எடுத்தாரு. அந்தச் சப்பான்காரன் வெரல் பட்ட எடத்தத் தொடச்சாரு. தொடச்சிட்டுத்தான் குடுத்தாரு."

அன்று மாலையே லாரி வந்துவிட்டது. அவித்த மரவள்ளிக் கிழங்கு, முனியாண்டி கோயில் விபூதி, இவ்வளவுதான் என்னால் கட்டிக் கொடுக்க முடிந்தது. இவர் என் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூட்டையை வாங்கிக்கொண்டு லாரியில் ஏறினார். லாரி போன புழுதி அடங்குவதற்குள் கிராணியார் லயத்து வாசலுக்கு வந்து நின்றார். இந்த முறை உள்ளே வரவில்லை.

"சீக்கிரம் திரும்பிருவாம்மா. நான் சொல்லிவச்சிருக்கேன்."

"அங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாங்கையா?"

"சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் கேட்டிருப்பான்மா."

அது உண்மையாகவும் இருக்கலாம். அந்த ஒரு சந்தேகத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாரே, அதற்காகத்தான் அவரை மன்னிக்க முடியவில்லை. அவர் கெட்டவர் என்று தெரிந்திருந்தால் சாமியிடம் முறையிட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இவர் திரும்பவில்லை. எலும்பும் தோலுமாகத் திரும்பிய ஒருத்தர், ஆற்றோரத்துக் கூலி முகாமில் இவரை வாந்திபேதியில் பார்த்ததாகச் சொன்னார். பேசும்போது நாய்களைப் பற்றிக் கேட்டாராம்.

ஜப்பான்காரன் போன பிறகு அந்தத் துப்பாக்கி என்ன ஆனது என்பதிலும் இரண்டு பேச்சு. அதிகாரி போகும்போது போர்வையில் சுற்றி எடுத்துப்போனான் என்று சிலர். வெள்ளியைப் பெயர்த்துக்கொண்டு கட்டையை அடுப்பில் வைத்துக் குளிக்க வெந்நீர் போட்டான் என்று சிலர். இரண்டாவதுதான் நடந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

துரைமார் திரும்பி வந்தார்கள். கிராணியார் பழையபடி பெரிய கிராணி ஆனார். முனியாண்டிக்குக் கல் கோயில் கட்டினார். ஜப்பான் ஓடு, இல்லை, சீன ஓடு போட்டார். எனக்கு அந்த வார்த்தைதான் முதலில் வருகிறது. சாமி கையில் வெள்ளிப் பூண் கட்டிய அரிவாள். தோட்டத்துச் சனம், எப்படி ஜொலிக்குது பார் என்று வாய் பிளந்தது. கோயில் கட்டின புண்ணியவான் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. தீபாவளிக்குத் தீபாவளி என் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்புவார். நான் அதை அப்படியே கோயில் அன்னதானத்துக்குத் தூக்கிவிடச் சொல்வேன். அவர் செத்தபோது பூப்பல்லக்கு ஜோடித்திருந்தார்கள். சாலையோரம் நின்று பார்த்தேன். கண் நிறையத்தான் இருந்தது.

முனியாண்டிமேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் யாரிடமும் வெள்ளி கேட்கவில்லை. இன்றைக்கும் போய் விளக்கேற்றிவிட்டுத்தான் வருகிறேன்.

என் வீட்டுக்காரருக்கென்று இருக்கிறது அந்த ஒரே படம்தான். அவர் போனது எந்தத் திதி என்று தெரியாததால் ஆடி அமாவாசையில் அந்தப் படத்துக்கு முன்னால் இலை போடுகிறேன். அவர் நெற்றிக்குச் சந்தனம் வைக்கும்போது என் விரல் அந்த மயிலைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்பா முகத்தைப் பார்க்காமலே பிறந்த என் மகனுக்கு அந்தத் துப்பாக்கி பிடிக்கும். அப்பா ராஜா மாதிரி இருக்காரு லா என்பான். போன வருஷம் என் மனசு தெரிந்து, கூலிமில் ஒரு கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டரில் துப்பாக்கியை மட்டும் அழித்துப் பெரிதாகப் போட்டு எடுத்து வந்தான். "இப்ப நல்லாருக்கா மா?" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இப்போது ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கை அப்படியே இருந்தது, விரல் மடங்கி, ஒன்றுமில்லாததை இறுகப் பிடித்துக்கொண்டு.

பழைய படத்தையே மாட்டச் சொல்லிவிட்டேன்.